செலவழிக்கத் தெரிந்தால் சுவிட்சர்லாந்தும் எட்டும்

சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகன் நகரில் இந்தித் திரைப்பட இயக்குநர் யஷ் சோப்ராவுக்கு 2016-ஆம் ஆண்டு ஒரு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. அந்நாட்டின் பனிமலைகளும் ஏரிக்கரைகளும் நம் திரையரங்குகளில் எத்தனை காலமாக ஒளிர்ந்து வந்திருக்கின்றன என்பதற்கு அச்சிலையே சான்று. திரையில் கண்ட இடத்தை ஒருமுறையேனும் நேரில் காண வேண்டும் என்ற ஆசை இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் வேரூன்றியிருக்கிறது. பணி ஓய்வுத் தொகை கைக்கு வந்ததும், பிள்ளைகளின் பள்ளி இறுதித் தேர்வு முடிந்ததும், இதற்காகவே அந்நியச் செலாவணிக் கவுன்ட்டரை நாடி வரும் வாடிக்கையாளர்கள் பலர்.

ஆசைக்கும் பயணத்துக்கும் நடுவே நிற்பது விலைவாசி. உலகிலேயே வாழ்க்கைச் செலவு மிகுந்த நாடுகளுள் சுவிட்சர்லாந்தும் ஒன்று. அங்கே புழங்குவது யூரோ அன்று, சுவிஸ் பிராங்க். ஒரு பிராங்க்கின் மதிப்பு அண்மையில் 100 ரூபாயைக் கடந்துவிட்டது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக இக்கட்டுரை முழுவதும் ஒரு பிராங்க்கை 100 ரூபாய் என்றே கொள்வோம். உண்மைச் செலவு அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைப்போம்.

பல ஆண்டுச் சேமிப்பை ஒரே வாரத்தில் செலவிடும் பயணம் இது. திரும்பி வந்தபின் கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்து வருந்தும் நிலை வரக்கூடாது. அதற்காக அங்கே சென்று வயிற்றைக் கட்டத் தேவையில்லை. எந்தக் கார்டில் பணம் கொண்டுபோவது, எந்தப் பயணச்சீட்டு வாங்குவது, எத்தகைய இடத்தில் தங்குவது என்ற மூன்றையும் வீட்டிலிருந்தே சரியாக முடிவு செய்துவிட்டால், செலவின் பெரும்பகுதி நம் கட்டுக்குள் வந்துவிடும். எஞ்சியவை அங்கே போய்ப் பழகிக்கொள்ளக்கூடிய சிறு வழக்கங்களே.

பணத்தைக் கொண்டு செல்லும் வழி

நம் நாட்டில் வழங்கப்படும் பல டெபிட், கிரெடிட் கார்டுகளை வெளிநாட்டில் பயன்படுத்தும்போது, செலாவணி மாற்றுக் கட்டணமாக 2 முதல் 3.5 சதவீதம் வரை பிடிக்கப்படுகிறது. அக்கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. ஒரு குடும்பம் அங்கே கார்டில் 3,000 பிராங்க், அதாவது 3 லட்சம் ரூபாய் செலவிட்டால், 3.5 சதவீதக் கணக்கில் 10,500 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யாக 1,890 ரூபாயும் சேர்ந்து 12,390 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமலேயே போய்விடும்.

முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டில் இந்தக் கட்டணத்தைத் தவிர்க்கலாம். ஆனால் அதில் சுவிஸ் பிராங்க்கையே ஏற்ற வேண்டும். ஐரோப்பாவுக்குத்தானே போகிறோம் என்று யூரோவை மட்டும் ஏற்றிச் சென்றால், ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் யூரோவிலிருந்து பிராங்க்குக்கு மாற்றப்பட்டு, அதற்கெனத் தனிக் கட்டணம் விழும். கார்டு வாங்கும்போதே அதில் பிராங்க் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மொத்தத் தொகையையும் ஒரே நாளில் ஏற்றாமல், பயணத்துக்கு முந்தைய சில மாதங்களில் இரண்டு மூன்று தவணைகளாக ஏற்றுவது நலம். பிராங்க்கின் மதிப்பு திடீரென்று துள்ளக்கூடியது என்பதற்கு வரலாறு உண்டு. ஒரு யூரோவுக்கு 1.20 பிராங்க் என்ற அளவுக்கு மேல் தன் நாணயம் வலுக்காதவாறு சுவிஸ் தேசிய வங்கி 2011 செப்டம்பர் முதல் ஒரு வரம்பைக் காத்து வந்தது. 2015 ஜனவரி 15 அன்று அவ்வரம்பை முன்னறிவிப்பின்றி நீக்கியது. அன்று காலையில் சில நிமிடங்களுக்குள் பிராங்க்கின் மதிப்பு பெருமளவு ஏறியது. அத்தகைய நாளில் முழுத் தொகையையும் மாற்ற நேர்ந்தவரைவிட, முன்பே பாதியை மாற்றி வைத்திருந்தவருக்குச் சுமை குறைவு.

அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது கடைக்காரரின் கருவியில் எழும் ஒரு கேள்வி. இந்தியக் கார்டைச் செருகியதும், தொகையை ரூபாயில் செலுத்துகிறீர்களா, பிராங்க்கில் செலுத்துகிறீர்களா என்று திரை கேட்கும். ரூபாய் பழகிய நாணயமாதலால் பலர் அதையே தொட்டுவிடுகின்றனர். அப்போது மாற்று விகிதத்தை நிர்ணயிப்பவர் அக்கருவியை இயக்கும் நிறுவனத்தார். அவர்களது விகிதம் பொதுவாக நமக்குப் பாதகமாகவே இருக்கும். 400 பிராங்க் ஓட்டல் பில்லில் 5 சதவீதம் கூடினாலும் 2,000 ரூபாய் நட்டம். அதற்குப் பிறகும் வெளிநாட்டு வணிகரிடம் நடந்த பரிவர்த்தனை என்பதால் நம் கார்டு நிறுவனமும் கட்டணம் பிடிக்கக்கூடும். ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும். எங்கே கேட்டாலும் பிராங்க்கையே தேர்ந்தெடுக்க வேண்டும். குடும்பத்தில் கார்டு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லி வைக்கலாம்.

ரொக்கம் அதிகம் தேவைப்படாது. நகரங்களில் சிறு கடைகளும் கார்டை ஏற்கின்றன. ரயில் நிலையக் கழிப்பறை, மலைக் குடில், சிற்றூர்ச் சந்தை போன்றவற்றுக்காகக் கொஞ்சம் சில்லறை இருந்தால் போதும். நோட்டுகளாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரையே எடுத்துச் செல்லலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீதி கார்டு வழியாகவே செல்ல வேண்டும். பிராங்க்கை நம் வங்கிக் கிளையிலோ அனுமதி பெற்ற செலாவணி முகவரிடமோ முன்கூட்டி வாங்குவது விமான நிலையக் கவுன்ட்டரில் அவசரமாக வாங்குவதைவிட மலிவு. அங்கே ஏ.டி.எம்.மில் எடுக்க நேர்ந்தால், ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு என்பதால் தேவையானதை ஒரே தடவையாக எடுக்கலாம். சுற்றுலாத் தலங்களில் சில கடைகள் யூரோ நோட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் விகிதம் அவர்கள் வைத்தது, மீதிச் சில்லறையும் பிராங்க்கில்தான் வரும்.

ஓட்டலிலும் வாடகைக் கார் நிறுவனத்திலும் முன்பணமாக ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். அதற்கு ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுத்தால், நாம் செலவிட வேண்டிய பணம் பல நாள்கள் முடங்கிவிடும். நிறுத்தி வைப்பதற்குக் கிரெடிட் கார்டு, செலவிடுவதற்கு ஃபாரெக்ஸ் கார்டு என்று பிரித்துக்கொள்வது அனுபவத்தில் நல்ல பலன் தருகிறது.

ரயிலும் பாஸும்

சுவிட்சர்லாந்தில் ரயில், பேருந்து, ஏரிப் படகு மூன்றும் ஒரே கால அட்டவணையில் பின்னப்பட்டவை. வாடகைக் கார் இல்லாமலே நாடு முழுவதையும் சுற்றிவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நிலையத்தில் முழுக்கட்டணச் சீட்டு வாங்கினால் பணம் நீராய்க் கரையும். வெளிநாட்டுப் பயணிகளுக்கு இரண்டு முக்கிய வழிகள் உள்ளன.

முதலாவது, சுவிஸ் டிராவல் பாஸ். 3, 4, 6, 8 அல்லது 15 நாள்களுக்குத் தொடர்ச்சியாகச் செல்லும். ரயில், பேருந்து, படகு, நகரப் போக்குவரத்து ஆகியவற்றுடன் 500-க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கும் அனுமதி உண்டு. இரண்டாவது, ஹாஃப் ஃபேர் கார்டு. ஒரு மாதத்துக்குப் பெரும்பாலான கட்டணங்களைப் பாதியாக்கும்.

எது இலாபம் என்பதை ஒரு கூட்டல் கணக்கே சொல்லிவிடும். 2024-ஆம் ஆண்டில் நான்கு நாள் பாஸ், இரண்டாம் வகுப்பில் 295 பிராங்க். ஹாஃப் ஃபேர் கார்டு 120 பிராங்க். நான்கு நாள்களில் நாம் செய்யும் பயணங்களின் முழுக்கட்டணம் 350 பிராங்க் என்றால், பாதிக் கட்டணம் 175. அதனுடன் கார்டின் விலை 120 சேர்ந்து 295 ஆகிறது. இரண்டும் சமம். அதற்கு மேல் பயணம் செய்வோருக்குப் பாஸ் இலாபம். ஒரே ஊரில் தங்கி அருகிலுள்ள இடங்களை மட்டும் பார்ப்போருக்கு ஹாஃப் ஃபேர் கார்டு இலாபம். விலைகள் மாறிக்கொண்டே இருக்குமாதலால், பயண ஆண்டின் விலையை இட்டு இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளோடு செல்வோர் தவறவிடக் கூடாதது ஃபேமிலி கார்டு. பாஸ் வாங்கும்போதே கேட்டால் கட்டணமின்றித் தருகிறார்கள். 16 வயது நிறையாத பிள்ளைகள் பெற்றோருடன் இலவசமாகப் பயணம் செய்யலாம். கேட்காமல் விட்டால் பிள்ளைகளுக்கும் தனிச்சீட்டு எடுக்க நேரும்.

தேதியும் ரயிலும் உறுதியானவர்களுக்கு சூப்பர்சேவர் சீட்டுகளும் உண்டு. குறிப்பிட்ட ரயிலில் மட்டுமே செல்லும் இவற்றை முன்கூட்டி வாங்கினால் சில வேளைகளில் பாதிக்கும் மேல் கழிவு கிடைக்கும்.

பெயர் பெற்ற கண்ணாடிக்கூரை ரயில்களுக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனி. ஆனால் பெர்னினா எக்ஸ்பிரஸ் ஓடும் அதே தண்டவாளத்தில் சாதாரண வட்டார ரயில்களும் ஓடுகின்றன. யுனெஸ்கோ 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற வழித்தடம் அது. 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலத்தின் வளைவும், பனியாறுகளும் எந்த ரயிலின் ஜன்னலுக்கும் ஒன்றுபோலவே தெரியும். வட்டார ரயிலுக்கு முன்பதிவு வேண்டியதில்லை; வழியில் விரும்பிய ஊரில் இறங்கி அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.

தங்குமிடம்

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ஓட்டலில் இரண்டு அறை எடுப்பதைவிட, சமையலறையுடன் கூடிய விடுமுறை வீடு எடுப்பது பெரும்பாலும் மலிவு. பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் புறப்படும் நாளின் துப்புரவுக் கட்டணம் தனியாகச் சேர்க்கப்படும். இரண்டு இரவு தங்குவோருக்கு அது பெருஞ்சுமை. ஒரு வாரம் தங்குவோருக்குப் பொருட்டன்று. ஆகவே நாளுக்கொரு ஊராக மாறாமல், ஓரிரு ஊர்களை மையமாக வைத்துச் சுற்றுவதே சிக்கனம்.

தனியாகவோ இருவராகவோ செல்வோர் யூத் ஹாஸ்டல்களைப் பார்க்கலாம். பெயரில் இளமை இருந்தாலும் எவ்வயதினருக்கும் இடம் உண்டு; குடும்ப அறைகளும் உண்டு.

தங்கும் விடுதிப் பில்லில் ஒவ்வோர் இரவுக்கும் ஒரு சிறு சுற்றுலா வரி இருக்கும். அதற்கு ஈடாகப் பல ஊர்களில் விருந்தினர் அட்டை தருகிறார்கள். பெர்ன், பாசல், ஜெனீவா நகரங்களில் தங்குவோருக்கு அந்நகரப் பேருந்தும் டிராமும் இலவசம். தெற்கே டிச்சினோ மாநிலத்தில் தங்குவோருக்கு மாநிலம் முழுவதும் பொதுப் போக்குவரத்து இலவசம். வரவேற்பறையில் தாமாகக் கொடுக்காவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். நாம் செலுத்தும் வரிக்கு உரிய பயன் அது.

உணவும் குடிநீரும்

மிகச் சாதாரண உணவகத்திலும் ஓர் உணவு 25 பிராங்க் ஆகிவிடும். நால்வருக்கு 100 பிராங்க், ஒரு வேளைக்குப் பத்தாயிரம் ரூபாய். அதே இரவு உணவை வாங்கிச் சமைத்தால் 30 பிராங்க்குக்குள் முடித்துவிடலாம். ஏழு இரவுகளில் மிச்சமாவது 490 பிராங்க், ஏறத்தாழ 49,000 ரூபாய். சமையலறையுள்ள வீடு எடுப்பதன் பொருள் இங்கேதான் விளங்கும்.

விலைவாசியின் சுமையை உணர்ந்தவர்கள் அயலார் மட்டுமல்லர். 1925-ஆம் ஆண்டு காட்லீப் டுட்வைலர் என்பவர் ஜூரிக் நகரில் ஐந்து லாரிகளில் காபி, அரிசி, சர்க்கரை, பாஸ்தா, தேங்காய்க் கொழுப்பு, சோப்பு என்ற ஆறே பொருள்களை ஏற்றித் தெருத்தெருவாகச் சென்று, கடைகளைவிடக் குறைந்த விலைக்கு விற்றார். இடைத்தரகைக் குறைத்த அந்த முயற்சிதான் மிக்ரோஸ். 1941-இல் அவர் அதைக் கூட்டுறவு அமைப்பாக மாற்றினார். இன்று அந்நாட்டின் எந்த நகரத்திலும் மிக்ரோஸ் அங்காடியும் அதன் போட்டியாளரான கோஆப் அங்காடியும் இருக்கும். மிக்ரோஸின் எம்-பட்ஜெட், கோஆபின் பிரி கராந்தி என்ற பெயர்களில் வரும் பொருள்கள் அவற்றுள் மலிவானவை. ஆல்டி, லிடில், டென்னர் கடைகளும் உண்டு. மிக்ரோஸ், கோஆப் இரண்டும் நடத்தும் தாமே எடுத்து உண்ணும் உணவகங்களில் உள்ளூர்க் குடும்பங்களும் முதியோரும் உண்பதைக் காணலாம்.

மாலையில் கடை மூடும் நேரம் நெருங்கும்போது ரொட்டி, சாலட், பால் பொருள்கள் மீது கால்பங்கு, அரைப்பங்கு தள்ளுபடி ஒட்டுச்சீட்டுகள் விழும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களில் உள்ளவை மட்டுமே திறந்திருக்கும். ஆதலால் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும்.

உணவகத்தில்தான் உண்ண வேண்டும் என்றால், மதிய வேளையைத் தேர்ந்தெடுக்கலாம். 'டாகெஸ்மெனூ' எனப்படும் அன்றைய உணவு, இரவு விலையைவிடக் குறைவு. பில்லில் சேவைக்கட்டணம் அடங்கியிருப்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை. சைவ உணவினருக்கு அந்நாடு அந்நியமானது அன்று. ஜூரிக்கில் 1898 முதல் நடந்துவரும் ஹில்ட்ல் என்ற சைவ உணவகத்தில் தட்டில் எடுத்த எடைக்கு விலை தரும் முறை உண்டு. 1980-கள் முதல் அங்கே குடியேறிய ஈழத்தமிழர்களால் பெரிய நகரங்களில் தமிழ்க் கடைகளும் உண்டாகியிருக்கின்றன. அரிசியும் பருப்பும் மசாலாவும் அங்கே கிடைக்கும்.

வீட்டிலிருந்து கொண்டு செல்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் அந்நாட்டுக்குள் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. நெய்யும் பால்கோவாவும் சுங்கத்தில் போய்விடும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, உப்புமா மாவு போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குடிநீருக்குக் காசு கொடுக்கவே வேண்டியதில்லை. ஜூரிக் நகரில் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் உள்ளன. 'கைன் டிரிங்க்வாசர்', அதாவது குடிநீரன்று என்ற பலகை இல்லாத ஊற்றுகளில் தாராளமாக நிரப்பிக்கொள்ளலாம். குழாய் நீரும் தூயது. ஆளுக்கொரு காலிப் பாட்டில் கையில் இருந்தால், நாளுக்கு 10 பிராங்க்குக்கு மேல் மிச்சம்.

மலைகளைத் தேர்ந்தெடுத்தல்

3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 1912-இல் திறக்கப்பட்டது. அங்கே செல்லாமல் திரும்பினால் பயணம் நிறைவடையாது என்று பலர் கருதுகின்றனர். கோடையில் இன்டர்லாகனிலிருந்து சென்று வர முழுக்கட்டணம் ஆளுக்கு 200 பிராங்க்கைத் தாண்டும். இங்கே ஹாஃப் ஃபேர் கார்டுக்குப் பாதிக் கழிவு. டிராவல் பாஸுக்கு மேற்பகுதியில் கால்பங்குக் கழிவே. இந்த ஒரு மலைக்காகவே சில குடும்பங்களுக்குக் கணக்கு மாறிவிடும்.

எல்லா மலைக்கும் ஏற வேண்டும் என்பதில்லை. ஒன்றுக்குச் செலவிட்டு, மற்றவற்றை மலிவாகப் பார்க்கலாம். லூசர்ன் ஏரியின் மேலெழும் ரிகி மலைக்கு 1871-இல் ஓடத் தொடங்கியது ஐரோப்பாவின் முதல் மலை ரயில். டிராவல் பாஸ் உள்ளவர்களுக்கு அது முழுவதும் இலவசம். லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டாவ்பாக் அருவியைத் தெருவிலிருந்தே காணலாம். மஞ்சள் பலகைகள் வழிகாட்டும் நடைபாதைகள் நாடெங்கும் சுமார் 65,000 கிலோமீட்டருக்கு நீள்கின்றன. நடக்கக் கட்டணம் இல்லை. மலையுச்சிச் சீட்டை முன்பே வாங்கிவிடாமல், முந்தைய மாலையில் வானிலையைப் பார்த்து வாங்க வேண்டும். உச்சியை மேகம் மூடிய நாளில் 200 பிராங்க் கொடுத்து வெண்புகையைப் பார்த்துத் திரும்புவது எச்சிக்கனத்தாலும் ஈடு செய்ய முடியாத இழப்பு.

குறைக்கக் கூடாத செலவு

மருத்துவக் காப்பீட்டில் மட்டும் கைவைக்கக் கூடாது. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு வேண்டும் என்பது விதி. அந்த அளவுக்கு மட்டும் மிக மலிவான பாலிசியை எடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. மூத்த குடிமக்கள் ஏற்கெனவே உள்ள நோய்கள் அதில் அடங்குமா, மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவு உண்டா என்று படித்துப் பார்க்க வேண்டும். அங்கே ஓரிரு நாள் மருத்துவமனைச் செலவு, பயணம் முழுவதற்கும் நாம் மிச்சப்படுத்தியதை விழுங்கிவிடக்கூடும்.

சேமித்துச் செல்வதா, கடன் வாங்கிச் செல்வதா

பயணத்துக்கு 4 லட்சம் ரூபாய் தேவை என்று கொள்வோம். 12 சதவீத வட்டியில் மூன்றாண்டுத் தனிநபர் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 13,286 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 78,000 ரூபாய். அதே தொகைக்கு, 6.5 சதவீத வட்டி தரும் தொடர் வைப்புக் கணக்கில் மாதம் சுமார் 15,600 ரூபாய் கட்டினால் இரண்டே ஆண்டுகளில் 4 லட்சம் சேர்ந்துவிடும். மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கட்டினாலும், ஓராண்டு முன்பே கட்டி முடிக்கிறோம். வட்டியும் நம் பக்கம் வருகிறது. இரண்டாண்டு பொறுப்பவருக்கு மலை ஓடிவிடப் போவதில்லை.

வெளிநாட்டுப் பயணத்துக்காகச் செலாவணி வாங்கும்போது ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் டி.சி.எஸ். பிடிக்கப்படும், இவ்வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சுற்றுலாத் தொகுப்புகளுக்கு விதி வேறு. முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பார்கள். பிடித்த தொகை நட்டம் அன்று. படிவம் 26ஏ.எஸ்.-இல் அது பதிவாகும். வருமான வரிக் கணக்கில் ஈடு செய்யலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அப்பணம் நம் கையில் இராது என்பதால் பயணத் திட்டத்தில் அதற்கும் இடம் வைக்க வேண்டும்.

புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும்

கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக முடக்கப்பட்டே இருக்கும். வங்கிச் செயலியில் நாமே திறந்து, உச்சவரம்பு குறித்துக்கொள்ள வேண்டும். ஓ.டி.பி. வரும் கைப்பேசி எண் அங்கேயும் இயங்குமா என்று பார்க்க வேண்டும். கார்டு தொலைந்தால் அழைக்க வேண்டிய எண்ணைத் தாளில் எழுதி, கார்டு இல்லாத பையில் வைக்க வேண்டும். ஒரு கடையில் 300 பிராங்க்குக்குக் குறையாமல் வாங்கினால், 8.1 சதவீத மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெறும் வசதி பல கடைகளில் உண்டு. படிவத்தைக் கடையிலேயே கேட்டு வாங்கி, விமான நிலையச் சுங்கத்தில் முத்திரை பெற வேண்டும்.

ஊர் திரும்பியதும் கார்டில் மிஞ்சிய பிராங்க்கை மறந்துவிடக் கூடாது. 2,000 டாலர் மதிப்புக்கு மேற்பட்ட செலாவணியை 180 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அதற்குக் குறைந்த தொகையாயினும், அடுத்த பயணம் அருகில் இல்லையெனில் கிளைக்கு வந்து ரூபாயாக்கித் தொடர் வைப்பில் போட்டுவிடலாம். அடுத்த பயணத்துக்கு அதுவே முதல் தவணை.